தேத்தண்ணீரில் இறங்கிய சக்கரங்கள்

மலர்,

போன சனிக்கிழமை நீ கந்தளாயிலிருந்து வந்து, அலுமாரியின் அடித்தட்டில் அம்மாவின் கூறைச் சேலையைத் தேடியபோது எங்கள் கலியாண அழைப்பிதழ் உன் கையில் அகப்பட்டது. "அப்பா, இதில புதன்கிழமை எண்டெல்லோ போட்டிருக்கு. நீங்கள் வெள்ளிக்கிழமை தாலி கட்டினதெண்டுதானே அம்மா சொல்லுறவ?" என்று கேட்டாய். அம்மா குசினிக்குள் நின்று சிரித்தாள். நான் "அச்சுப் பிழை" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டேன். அது அச்சுப் பிழை இல்லை, பிள்ளை. என் பிழை. இன்னும் ஒரு மாதத்தில் உனக்குக் கலியாணம். அதற்கு முன் அந்தக் கதையை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நேரே சொன்னால் நீயும் அம்மாவும் சேர்ந்து நடுவிலே சிரித்துக் குழப்பிவிடுவீர்கள். ஆகவே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து ஆறுதலாக வாசி.

அது யுத்த காலம். ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பயந்து ஓடிய சனம் திரும்பி வந்து, கூரைகளை வேய்ந்து, பழையபடி கடலுக்கும் கடைக்கும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு இருபத்துநான்கு வயது. சீனக்குடா விமானத்தளத்தில் பிற்றர், அதாவது விமானங்களைக் கழற்றிப் பூட்டித் திருத்தும் வேலை. என்னோடு கிண்ணியாவிலிருந்து வரும் காசிம் மாமாவும் வேலை செய்தார். நீ அவரை வழுக்கைத் தலையோடுதான் கண்டிருக்கிறாய். அப்போது அவருக்கு முடி நெற்றியில் வந்து விழும். ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டிப் பழகிய வெள்ளைக்காரப் பொடியன்களுக்கு அங்கே இரட்டை எஞ்சின் விமானம் ஓட்டப் பழக்கினார்கள். பழக்குகிறவரை நாங்கள் எங்களுக்குள் 'வாத்தியார்' என்போம். மெலிந்த மனிதர்; சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அந்த மாதம் பழகிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் பெயர் தோமஸ். பனைமரம் மாதிரி உயரம், கையும் காலும் எங்கே வைப்பது என்று தெரியாத வயது. ஏறும்போது ஒருதரம், இறங்கும்போது ஒருதரம் கதவில் தலையை இடித்துக்கொள்வான்.

உன் அம்மாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். உப்புவெளியில் இரண்டு வள்ளமும் ஒரு கரைவலையும் வைத்திருந்த உன் தாத்தாவின் ஒரே மகள். பெண் பார்க்கப் போன அன்று அவள் தேத்தண்ணீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் கண்டதெல்லாம் ஒரு பின்னலும் ஒரு குதிக்காலும்தான். குரல்கூடக் கேட்கவில்லை. இருந்தாலும் எனக்கு அது போதுமாக இருந்தது. திங்கட்கிழமை முற்பகல் எங்கள் வீட்டில் தட்டார் வந்து தாலிக்குப் பொன்னுருக்கு, புதன்கிழமை தாலி கட்டு என்று நாள் வைத்து, அழைப்பிதழும் அடித்துக் கொடுத்தாயிற்று.

சனிக்கிழமை நான் ஒரு விமானத்தின் எண்ணெய்க் குழாயை மாற்றிக்கொண்டிருந்தேன். உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். அந்த விமானங்களின் சக்கரம் பறக்கும்போது உள்ளே மடிந்துவிடும். இறங்கும்போது அதை வெளியே தள்ளுவது ஒரு தொட்டியிலிருந்து குழாய் வழியாக அழுத்தத்தோடு வரும் எண்ணெய். எண்ணெய் இல்லாவிட்டால் சக்கரமும் இல்லை. குழாயின் இணைப்பிலே ஒரு நட்டு. அதை முதலில் விரலால் சுற்றி, பிறகு ஸ்பானரால் இறுக்க வேண்டும். நான் விரலால் சுற்றி முடித்த நேரத்தில் காசிம் வந்தார். அவர் கையில் மாப்பிள்ளைத் தலைப்பாகை. கடைத்தெருவில் யாரிடமோ இரவல் வாங்கி வந்திருந்தார். "போட்டுப் பாரடாப்பா, உன்ர மண்டைக்கு அளவோ எண்டு பாப்பம்" என்றார். நான் இறங்கி, கையைத் துடைத்து, தலைப்பாகையை வைத்து, விமானத்தின் சன்னல் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன். வேலைக்கொட்டகையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். அதன்பின் நான் ஏறி, குழாய்க்கு அழுத்தம் கொடுக்கும் கைப்பம்பை நாலுதரம் அடித்து, ஒழுகவில்லை என்று கண்டு, ஸ்பானரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டேன். ஸ்பானரை நான் அந்த நட்டில் வைக்கவே இல்லை.

குழாய் மாற்றினவன் முதல் பறப்பில் கூடப் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்தப் பறப்பு திங்கட்கிழமை காலையில் வந்து விழுந்தது. காசிம் தான் போவதாகச் சொன்னார். பொன்னுருக்குக்கு முன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான்தான் விடவில்லை. உண்மையைச் சொன்னால், ஆகாயத்திலிருந்து உப்புவெளியைப் பார்க்க எனக்கு ஆசை. எந்தக் கூரை அவளுடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதை என் அம்மாவிடம் சொல்லாமல், ஒரு போத்தலில் தேத்தண்ணீரும் எடுத்துக்கொண்டு விடியச் சைக்கிளில் ஏறினேன்.

பிள்ளை, அந்தக் காலைபோல் ஒரு காலையை நான் பிறகு காணவில்லை. துறைமுகம் முழுவதும் கப்பல்கள், விளையாட்டுச் சாமான்களைப் பரப்பி வைத்ததுபோல். கோணேசர் மலை கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. தோமஸ் ஓட்டினான், வாத்தியார் பக்கத்தில் இருந்தார், நான் பின்னால் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். வாத்தியார் ஒரு எஞ்சினைத் தணித்து, மற்றதால் மட்டும் ஓட்டச் சொல்வார். பிறகு மறுபக்கம். விமானம் ஒருபக்கமாக இழுக்கும், தோமஸ் காலை ஊன்றி நேராக்குவான். உப்புவெளி வந்தது. கூரைகளுக்கு நடுவில் முற்றத்திலே பெண்கள் வட்டமாக இருந்து ஏதோ வேலை செய்வது தெரிந்தது. அவளும் அதில் இருப்பாள் என்று நானே முடிவு செய்து, சன்னலோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டேன். என் காலடியில் எண்ணெய் பரவிக்கொண்டிருந்ததை நான் காணவில்லை.

திரும்பி இறங்க வந்தபோது தோமஸ் சக்கரத்தை இறக்கும் பிடியைத் தள்ளினான். ஒன்றும் நடக்கவில்லை. மேலே இழுத்துத் திரும்பவும் தள்ளினான். இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு விளக்கு; பச்சை எரிய வேண்டிய இடத்தில் இரண்டும் சிவப்பு. வாத்தியார் திரும்பி என்னைப் பார்த்தார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். எண்ணெய் தரையிலே குளமாக நின்றது. நட்டைத் தொட்டேன். அது என் விரலோடு சேர்ந்து சுற்றியது. அந்த ஒரு கணத்தில் தலைப்பாகை, சன்னல் கண்ணாடி, பூட்டிய பெட்டி எல்லாம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பைக்குள் இருந்த ஸ்பானரை எடுத்து இறுக்கினேன். "என்ன நடந்தது?" என்று வாத்தியார் இங்கிலீஷில் கேட்டார். "இணைப்பு இளகிவிட்டது, ஐயா. இறுக்கிவிட்டேன்" என்றேன். இளகிவிட்டது என்றுதான் சொன்னேன். நான் இறுக்கவே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஒழுக்கு நின்றது. ஆனால் தொட்டி வெறுமை. சக்கரமில்லாமல் வயிற்றால் இறங்கினால் தப்பவும் கூடும், தீப்பிடிக்கவும் கூடும். வாத்தியார் பெற்றோலை எரித்துத் தீர்க்க வட்டமடிக்கச் சொன்னார். துறைமுகம், உப்புவெளி, திரும்பத் துறைமுகம். ஏழெட்டுத்தரம் சுற்றியிருப்போம். அப்போதுதான் என் கண் தேத்தண்ணீர்ப் போத்தலில் பட்டது. "ஐயா, பம்புக்கு எண்ணெய்தான் வேண்டும் என்றில்லை. தள்ளுவதற்கு ஏதாவது திரவம் போதும்" என்றேன். வாத்தியார் தன் பிளாஸ்க்கை நீட்டினார். அதில் கோப்பி. தோமஸின் பையில் ஒரு போத்தல் தண்ணீர். மூன்றையும் தொட்டிக்குள் ஊற்றினோம். தோமஸ் பின்னால் வந்து கைப்பம்பை அடித்தான். சக்கரம் அசையும் சத்தம் கேட்டது, நின்றுவிட்டது. போதவில்லை.

வாத்தியார் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: "இனி மிச்சமுள்ள தண்ணீர் எங்களுக்குள்ளேதான் இருக்கிறது." எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் வெட்கத்தில் காது சுட்டது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு முன்னாலா? பிளாஸ்க்கின் மூடியை வைத்துக்கொண்டு தோமஸ் ஒரு மூலையைப் பார்த்து நின்றான், நான் ஒரு மூலையைப் பார்த்து நின்றேன். ஒருவருக்கும் வரவில்லை. உயிர் போகிற நேரத்தில் அது மட்டும் வராதாம்! வாத்தியார் விமானத்தைத் தாழ்த்தித் துறைமுகத்துக்கு மேலே கொண்டுபோய், "தண்ணீரைப் பாருங்கள், பொடியன்களே, நன்றாகத் தண்ணீரைப் பாருங்கள்" என்றார். தோமஸ் சிரிக்கத் தொடங்கினான், நானும் சிரித்தேன், சிரித்ததும் இரண்டு பேருக்கும் வந்துவிட்டது. பிறகு தோமஸ் போய் ஓட்ட, வாத்தியார் பின்னால் வந்து தன் பங்கையும் தந்துவிட்டுப் போனார். அந்தத் தொட்டிக்குள் வெள்ளைக்காரன், தமிழன் என்ற பேதம் இருக்கவில்லை.

திரும்பப் பம்பு அடித்தோம். நான் களைத்தால் தோமஸ், தோமஸ் களைத்தால் நான். ஒரு விளக்குப் பச்சையாகியது. மற்றது சிவப்பாகவே நின்றது. என் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. "இன்னும், இன்னும்" என்று வாத்தியார் சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவும் பச்சையாகியபோது தோமஸ் என்னைக் கட்டிப்பிடித்து, எழும்பி, கூரையில் தலையை இடித்துக்கொண்டான். பூவை வைத்ததுபோல் வாத்தியார் இறக்கினார். ஓடுபாதை ஓரத்தில் தீயணைக்கும் லொறியும் ஆஸ்பத்திரி வண்டியும் நின்றன. எல்லாருக்கும் முன்னால் காசிம் ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அல்லாஹ் காப்பாத்திப் போட்டான்டா!" என்றவர், மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்னடா இது மணம்?" என்றார்.

பொன்னுருக்குக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. வேகமாக மிதித்தால் வீட்டுக்குப் போய்விடலாம். நான் சைக்கிளை எடுத்துத் திருப்பியபோது தோமஸ் வந்தான். விசாரணை அறையிலிருந்து வந்தவனின் முகம் வெளிறியிருந்தது. பிடியை அவசரத்தில் முன்னும் பின்னும் தள்ளியதால்தான் இணைப்பு விட்டுப்போனது என்று அங்கே முடிவுக்கு வந்திருக்கிறார்களாம். ஏற்கெனவே அவன் பேரில் ஒரு குறை இருந்தது. இனி இரட்டை எஞ்சின் இல்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவன் எனக்குக் கை நீட்டி, "மன்னித்துக்கொள். நீ செய்த நல்ல வேலையை என் முரட்டுக் கை கெடுத்துவிட்டது. உன்னையும் கொன்றிருப்பேன்" என்றான். பிள்ளை, அவன் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் நான் சைக்கிளில் ஏறிப் போயிருப்பேன். அவன் மன்னிப்புக் கேட்டதுதான் என்னைப் போகவிடவில்லை.

சைக்கிளைக் காசிமிடம் கொடுத்தேன். "நீ போய் அம்மாட்டச் சொல்லு, நான் வர ஏலாது எண்டு."

"விசரே உனக்கு? தட்டார் வந்து குந்திக்கொண்டிருப்பார். நேரம் தப்பினாப் பொம்பிளை வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்?"

"நட்டை நான் இறுக்கேல்லை, காசிம். தலைப்பாகை போட்டுப் பாத்தனான்."

காசிம் சைக்கிளைத் திருப்பினார். ஏறிப் போனார்.

நான் உள்ளே போய்ப் பெரிய அதிகாரிக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும், வேலை போனால் பெண்ணும் போகும் என்று எனக்கு நிச்சயம். வாத்தியார் கதிரையில் இருந்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி என் கையெழுத்து இருந்த தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, அந்த வாரம் நான் கைவைத்த எல்லா விமானங்களின் இணைப்புகளையும் எனக்கு முன்னாலேயே கழற்றிப் பார்க்கச் சொன்னார். பின்னேரம் வரை பார்த்தார்கள். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. "மூன்று மாதம் உன் கையெழுத்துச் செல்லாது. இன்னொருவன் பார்த்துத்தான் ஒப்பமிடுவான்" என்றார் அதிகாரி. அவ்வளவுதான். தோமஸின் பேரில் அன்று எழுதிய குறையை அடித்துவிட்டார்கள். வெளியே வந்தபோது வாத்தியார் என் பக்கத்தில் நடந்து வந்து, "ஆகாயத்தில் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது" என்றார். ஓம், அதுவும் உண்மைதான்.

வீட்டில் தட்டார் நேரம் தப்பும்வரை இருந்துவிட்டு எழும்பிப் போயிருந்தார். என் அம்மா அழுதுகொண்டிருந்தார். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, பொன்னுருக்கைப் புதனுக்கும் தாலி கட்டை வெள்ளிக்கும் மாற்றலாம் என்றார். ஆனால் பெண் வீட்டார் சம்மதிக்க வேண்டுமே. செவ்வாய்க்கிழமை பின்னேரம் காசிமையும் கூட்டிக்கொண்டு உப்புவெளிக்குப் போனேன். அதற்குள் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது, மாப்பிள்ளை ஆகாயத்தில் பழுதைத் திருத்தி மூன்று பேரின் உயிரைக் காப்பாற்றினார் என்று! உன் தாத்தா என்னை வாசலில் நின்றே வரவேற்றார். நான் சும்மா இருந்திருந்தால் அன்று வீரனாகவே திரும்பியிருக்கலாம்.

"மாமா, அந்தப் பழுதை வச்சதே நான்தான்" என்று தொடங்கி, தலைப்பாகையிலிருந்து அதிகாரி வரைக்கும் சொன்னேன். தாத்தா வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா, தேத்தண்ணியும் கோப்பியும் காணாதெண்டு சொன்னவரெல்லோ. பிறகு என்னத்தை ஊத்தினவையாம்? கேளுங்கோ."

அந்தப் பகுதியை மட்டும் நான் மரியாதைக்காக விட்டிருந்தேன். தாத்தா என்னைப் பார்த்தார். நான் காசிமைப் பார்த்தேன். காசிம் கண்ணை மூடிக்கொண்டு, "மூத்திரம், தங்கச்சி" என்றார்.

கதவுக்குப் பின்னால் முதலில் ஒரு பாத்திரம் விழுந்தது. பிறகு சிரிப்பு. அடக்கி, அடக்க ஏலாமல், திரும்ப வெடித்து, மூச்சுத் திணறி வரும் சிரிப்பு. உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். தாத்தா சால்வையால் வாயைப் பொத்தினார், தோள் குலுங்கியது. "ஒரு மணித்தியாலமா எங்கட தலைக்கு மேல சுத்தினது இவரோ? பணியாரத்துக்குள்ள புகை விழுமெண்டு மூடி மூடிக் கை உளைஞ்சு போச்சு!" என்று உன் அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, வள்ளத்தில ஓட்டை எண்டா வந்து சொல்லுற ஆளோடதான் நான் கடலுக்குப் போறனான். வெள்ளிக்கிழமையே வையுங்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமை கலியாணத்துக்குத் தோமஸ் காசிமின் சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு வந்தான். பாயிலே சப்பாணி கட்டி இருக்கத் தெரியாமல் காலை நீட்டி மடக்கி, வாழையிலையில் சோற்றைக் கையால் அள்ளி, பயற்றம் பணியாரத்தை ஒன்பது தின்றான். வாத்தியார் வரவில்லை. ஒரு பெரிய பிளாஸ்க்கை அனுப்பியிருந்தார். அதில் ஒரு துண்டுக் கடிதம்: "அடுத்த முறை போதுமான அளவு கொண்டு வரவும்."

இதுவரை எழுதியது உன் கேள்விக்குப் பதில். இனி எழுதப்போவது நீ கேளாதது.

போன சனிக்கிழமை உன் மாப்பிள்ளையும் இலங்கைத்துறையிலிருந்து வந்திருந்தார். சாப்பிடும்போது நீ அவரைப் பகிடி பண்ணினாய்: "பொம்பிளை கேக்கிறதுக்கு ஆறு மாசம் யோசிச்ச ஆள் இவர்." பகிடிதான். ஆனால் உனக்குள்ளே அந்த ஆறு மாதம் இன்னும் முள்ளாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் ஒருதரம் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். மலர், அவர் யோசிக்கவில்லை. அவருடைய அப்பா அந்த ஆறு மாதத்தின் தொடக்கத்திலேயே என்னிடம் வந்து உன்னைப் பெண் கேட்டுவிட்டார். உன்னைக் கடல் கடந்து அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "பிள்ளைக்கு இப்ப விருப்பமில்லை" என்று, உன்னைக் கேளாமலே, உன் வாயால் நான் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆறு மாதத்துக்குப் பின் அம்மாவுக்குத் தெரியவந்தது. அன்றே அவள் என்னை மூதூர் போகும் லாஞ்சிப் படகில் ஏற்றி இலங்கைத்துறைக்கு அனுப்பினாள். நான் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை இவ்வளவு காலமும் என் பிழையைத் தன் பிழையாகச் சுமந்துகொண்டிருக்கிறார், என் மானத்துக்காக. அப்படிப்பட்டவருக்கு உன்னைக் கொடுக்க நான் ஆறு மாதம் மறுத்திருக்கிறேன்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. வீட்டில் பிழை வரும், உன் கையாலும் வரும், அவர் கையாலும் வரும். சொல்லத்தான் வேண்டும் என்று தெரிந்த அன்றே சொல்லிவிடு. நாள் போகப் போக அந்தச் சொல் பாரமாகிவிடும். எனக்கு இதைச் சொல்ல ஒன்றரை வருஷம் எடுத்தது.

முதலில் அவருக்கு ஒரு கடிதம் போடு. பிறகு எனக்கு. கோபம் இருந்தால் எழுது, எவ்வளவு பக்கமென்றாலும் வாசிப்பேன். சிரிப்பு வந்தால் எழுதாதே. அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, எனக்குக் கேட்கச் சிரி.

உன் அப்பா